துண்டுக்குள்ளே மூணு விரல்

தம்பி தமிழ்தானே? பையில ஜவுளிக்கடைப் பேரு தமிழ்ல இருக்கேன்னு பாத்தேன். நேத்து ராத்திரி ஹவுராவுல ஏறினதுலேருந்து பேச ஒரு ஆளு கெடைக்கல. எனக்குப் பேசாம இருந்தா வயிறு உப்பிக்கும். தரகுத் தொழில், வாயை வச்சுத்தானே பொழப்பு.

ஒரு ஒத்தாசை பண்ணணும். எங்க ரெண்டு பேருக்கும் மேல் பெர்த்தாப் போட்டுட்டாங்க. இந்தப் பையனால ஏற முடியல. ராத்திரி பூராத் தரையில என் துண்டை விரிச்சுப் படுத்துக் கெடந்தான். உங்க கீழ் பெர்த்துல கொஞ்சம் படுத்துக்கட்டும், நாம இப்படி ஜன்னலோரமா உக்காந்துக்குவோம். நல்லா இருப்பீங்க. டேய் ராசு, படுகோ. தெலுங்குல படுகோன்னா படுத்துக்கன்னு அர்த்தமாம். நம்ம பாஷைதான், கொஞ்சம் கடிச்சுத் துப்பினாப்ல.

எம் மகனான்னு கேக்குறீங்க. எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க, ஏரோப்ளேன்ல சாப்பாடு குடுத்த பொண்ணு உள்பட. இல்ல தம்பி. எம் மகனைக் கூட்டியாரத்தான் போனேன். இவனைக் கூட்டிட்டு வந்திருக்கேன்.

சொல்றேன். உங்களுக்கு எது வரைக்கும் டிக்கெட்டு? சென்னையா? அப்ப நேரம் கெடக்கு.

எனக்கு மணப்பாறை. ஆண்டியப்பன்னு சந்தையில கேட்டா எவனும் சொல்லுவான். மாட்டுத் தரகு. எங்க அப்பாவும் தரகு. என் பல்லு விழுந்தாலும் மாட்டுப் பல்லு பாக்கத் தெரியும். இந்தத் துண்டு இருக்கு பாருங்க, இதான் என் ஆபீசு, கடை, எல்லாம். துண்டைக் கையில போட்டு, அதுக்குள்ள வாங்குறவன் கையைப் பிடிச்சா, வெளிய நிக்கிற ஒருத்தனுக்கும் என்ன வெலைன்னு தெரியாது. ஒத்தை வெரலைப் பிடிச்சா ஒண்ணு, முழுக்கையைப் பிடிச்சா அஞ்சு. வெரல் வெலை பேசும், வாய் குறை பேசும். ரெண்டும் ஒரே நேரத்துல ஓடணும். சுழி சரியில்ல, கொம்பு கோணல், பால் மறத்துருச்சு, நடையில ஒரு நொண்டல் தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். நல்ல மாடுன்னு வாய்தவறிச் சொல்லிட்டா அங்கயே வெலை ஏறிரும். வாங்கப் போன எடத்துல நான் ஒரு மாட்டையும் நல்ல மாடுன்னு சொன்னதில்ல. அது தொழில்.

எம் மகன் பேரு மணிமாறன். மாறன்னு கூப்பிடுவோம். ஒரே பையன். பி.காம். படிச்சான், மூணு பேப்பர் பாக்கி. சந்தைக்கு வாடான்னா வரமாட்டான், சாணி நாத்தம் ஆகாதாம். மொபைல் கடையில வேலைக்கு நின்னான். கடையிலயும் போனு, வீட்டுலயும் போனு. கட்டை வெரலால தட்டிக்கிட்டே இருப்பான், நாம பேசினா நிமிந்து பாக்க மாட்டான். நான் சொல்லுவேன், இந்தக் கட்டை வெரல் ஒரு நாளும் உனக்குச் சோறு போடாதுரான்னு. சொல்லாத நாளில்ல. அவங்க அம்மா சொல்லுவா, சாப்புடறப்பவாச்சும் விடுங்களேன்னு. விட்டா புள்ள உருப்படுமா?

அப்பத்தான் திருச்சியில ஒரு ஏஜெண்டு வந்தான். பாங்காக்குல கம்ப்யூட்டர் வேலையாம், தட்டத் தெரிஞ்சாப் போதுமாம். கமிஷன் ஒரு தொகை சொன்னான். நான் விடுவேனா? உக்காந்து பேசிப் பேசிப் பாதிக்குக் கொண்டு வந்துட்டேன். அந்த ஏஜெண்டுக்கு வேர்த்துருச்சு. கடைசியில சரிங்கய்யா, உங்களுக்காகன்னான். கூடப் போன மத்த பசங்க வீட்டுல எல்லாம் முழுசா வாங்கியிருக்கான். எனக்கு மட்டுந்தான் பாதி. பையனை ஏத்தி விட்டுட்டு வந்து தெருவெல்லாம் சொன்னேன்.

போயி ஒரு வாரம் பேசினான். அப்புறம் போன் இல்ல. ரொம்ப நாள் கழிச்சு எதோ ஒரு நம்பர்லேருந்து கூப்பிட்டு, அப்பா, பாங்காக்கு இல்லப்பா, ஆத்தைத் தாண்டிக் கொண்டாந்துட்டாங்க, பர்மாவாம், பெரிய காம்பவுண்டு சொவரு, வெளிய விடமாட்டேங்குறாங்கன்னான். என்னடா வேலைன்னேன். சொல்லமாட்டேன்னுட்டான். வெளிநாட்டுக் கெழவங்ககிட்ட பொம்பளை மாதிரி தட்டித் தட்டி ஏமாத்துற வேலையாம், பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். ஏஜெண்டு, நான் குடுத்த கமிஷன் கட்டுபடியாகலைன்னு அந்தக் கம்பெனிக்குத் தலைக்கு இவ்வளவுன்னு வித்திருக்கான். பாருங்க, வாக்குக் குடுத்துட்டு. யாவாரத்துல நாணயம் வேணாமா?

மனு குடுத்தேன். குடுக்காத எடமில்ல. எல்லாரும் தன்மையாத்தான் பேசினாங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் யார் கையும் எட்டாதாம். அங்க போலீசே வேறயாம், பட்டாளமே வேறயாம். காத்திருங்கய்யான்னாங்க. எவ்வளவு நாள் காத்திருக்குறது? அவங்க அம்மா ராத்திரி வாசக்கதவைத் தாழ்ப்பாள் போடமாட்டேங்குறா, வந்தா தட்டிக்கிட்டு நிப்பானாம்.

அப்ப ஒரு விவரமானவன் சொன்னான், அங்க எல்லாத்துக்கும் சந்தை இருக்குங்கய்யா, ஆளையும் பேசி வாங்கலாம்னு. சந்தைன்னு ஒரு வார்த்தை சொன்னான் பாருங்க, எனக்கு அன்னைக்குத்தான் தூக்கம் வந்துச்சு. மனு எழுதத் தெரியாது, இங்கிலீசு தெரியாது. சந்தை தெரியும். வீட்டுப் பத்திரத்தை வச்சுக் காசைப் பொரட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

கெளம்பறப்ப அவங்க அம்மா ஒரு சட்டை வாங்கியாந்தா. கட்டம் போட்டது, மாறன் அளவு. அந்த எடத்து உடுப்போட புள்ளை வீட்டு வாசப்படி ஏறக்கூடாதுன்னா. சரியாத்தான் சொன்னா. மாடு வாங்கப் போறவன் புதுக்கயித்தோட போகணும், அது முறை. விக்கிறவன் மாட்டைத்தான் குடுப்பான், கயித்தை அவுத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவான். கயித்தோட குடுத்தா அவன் கொட்டாயி வெறிச்சோடிப் போயிரும், அப்புறம் அங்க மாடு தங்காது. சின்ன வயசுலேருந்து பாத்திருக்கேன். அதனால சட்டையை மடிச்சுப் பையில அடியில வச்சேன்.

டீ வருது. குடிக்கிறீங்களா? ரெண்டு குடுப்பா. ராசுவுக்கு வேணாம், தூங்கட்டும். அது என்ன தம்பி வெளிய, கடலா? ஏரியா? இவ்வளவு பெரிய ஏரியா? சரி.

பாங்காக்குல எறங்கி, பஸ்ஸு மாறி, அந்த எல்லை ஊருக்குப் போனேன். ஊர் பேரு மேசோத்து. பேர்லயே சோத்து இருக்கேன்னு ஒரு நம்பிக்கை. அங்கதான் தம்பி ஆறு இருக்கு. ஆறுன்னா என்ன ஆறு? நம்ம ஊர் வாய்க்கா. எங்க எருமை நடந்தே தாண்டிரும். அந்தப் பக்கம் ஆள் துணி காயப்போடுறது தெரியுது. கூப்பிட்டாக் கேக்கும். எங்கயோ அதுக்குப் பின்னாடி எம் மகன். நான் அன்னைக்குப் பூரா அந்தக் கரையில உக்காந்திருந்தேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல.

மறுநாள் காலையில ஒரு தெருவுல போறேன், ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன மேசை. கல்லு விக்கிறாங்க. பச்சைக்கல்லு, செவப்புக்கல்லு. எங்க தோண்டினது, எப்படி ஆத்தைத் தாண்டி வந்துச்சுன்னு யாரும் கேக்கறதில்லையாம். அங்க ஒரு சீனாக்காரனும் ஒரு பர்மாக்காரனும் எதிரும் புதிருமா நின்னுக்கிட்டு, கை மேல ஒரு கைலித் துணியைப் போட்டுக்கிட்டு, மூஞ்சியை எங்கயோ வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. துணி மட்டும் லேசா அசையுது. நான் நின்னுட்டேன். அட, கைபேரம். கண்ணு கலங்கிப் போச்சு தம்பி. அத்தனை தூரம் போயி, ஒரு எழுத்துப் புரியாத ஊர்ல, என் தொழில் தெரிஞ்சவங்க நிக்கிறாங்க. ஒருத்தன் முகத்தைப் பாத்தே சொல்லிட்டேன், இவன் ஏறிட்டான், அவன் இறங்கலைன்னு. சத்தமாத் தமிழ்லயே சொல்லிட்டேன்.

அதைக் கேட்டுத்தான் சாமிக்கண்ணு வந்தார். பர்மாத் தமிழர். பாட்டன் காலத்துல தேவகோட்டைப் பக்கமிருந்து போனவங்களாம். பர்மாக்காரங்களுக்கு அவர் பேரு கோ சோ. வெளியூர் யாவாரிக்கும் கல்லுக்காரனுக்கும் நடுவுல பேச்சு மாத்தி விடுற வேலை. அவரும் தரகுதான்னு வச்சுக்கங்க. ஐயா வந்த காரியம் என்னவோன்னு கேட்டார், ரொம்ப மரியாதை. நான் சொன்னேன். அதுக்கு அவர், ஒரு அம்மா இருக்காங்க, பேசிப் பாக்கலாம், ஆனா ஐயா பதனமாப் பேசணும்னார். எனக்கா பேசச் சொல்லித்தர்றீங்கன்னு சிரிச்சேன்.

அந்த எடத்தை நீங்க பாக்கணும். ஆத்துப் பாலத்துக்குக் கீழ முள்ளுக்கம்பி வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் பாங்காக்கு நாடு. அந்தப் பக்கம் ஆறு வரைக்கும் ஒரு திட்டு, அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லையாம். அந்தத் திட்டுல நின்னுக்கிட்டுச் சிகரெட்டு, சாராயம், மாத்திரை, செத்த பாம்பு போட்ட பாட்டிலு எல்லாத்தையும் கம்பி வழியா நீட்டுறாங்க. இந்தப் பக்கம் நிக்கிறவன் வாங்குறான். போலீசு நடந்து போறான், பாக்குறான், போயிடுறான். சிகரெட்டுக்கு நடுவுல ஒரு அம்மா ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கு. அறுவது வயசு இருக்கும், மூஞ்சியில சந்தனம் மாதிரி ஒண்ணு பூசியிருக்கு. பாத்தா கோயில்ல பிரசாதம் குடுக்குற அம்மா மாதிரி இருக்கும். அதான் ஆளு.

சாமிக்கண்ணு பேசினார். மாறன் போட்டோவைக் குடுத்தேன். அந்தம்மா போன் எடுத்து யாருக்கோ பேசி, என் காதுல வச்சுச்சு. அப்பான்னான். ஒரே வார்த்தை. சரக்கு இருக்குன்னு காட்டுறதுக்கு. டேய், பேசிட்டு இருக்கேண்டா, பயப்படாதேன்னேன். அந்தம்மா போனை வாங்கி மடியில வச்சுக்கிட்டுச்சு. போனை அணைச்சுச்சா இல்லையான்னு நான் கவனிக்கல.

அப்புறம் நான் துண்டை எடுத்துக் கையில போட்டேன். அந்தம்மா பாத்துச்சு. சிரிச்சுச்சு. கம்பிக்கு நடுவுல கையை விட்டுத் துண்டுக்குள்ள குடுத்துச்சு. தம்பி, இத்தனை வருசத் தரகுல ஒரு பொம்பளை கையை நான் துண்டுக்குள்ள பிடிச்சதில்ல. ஜில்லுன்னு இருந்துச்சு. ஆனா தொழில் தெரிஞ்ச கை. முழுக்கையைப் பிடிச்சு விட்டு, மேக்கொண்டு மூணு வெரலைப் பிடிச்சுச்சு. எட்டு. ஒரு வெரலுன்னா என்னன்னு சாமிக்கண்ணு முன்னாடியே சொல்லியிருந்தார், நம்ம காசுல ஒரு லட்சம். எங்கிட்ட அதுல பாதிகூட இல்ல. நான் மூஞ்சியில காட்டல. ரெண்டு வெரலைப் பிடிச்சேன். பிடிச்சுக்கிட்டே வாயைத் தொறந்தேன்.

சாமிக்கண்ணு, சொல்லுங்க அந்தம்மாகிட்ட. இந்தப் பையனுக்குக் கண்ணு சோடை. கண்ணாடியைக் கழட்டினா கதவு தெரியாது. மூச்சு இழுப்பு வேற. மூச்சு இழுப்பு அவனுக்குச் சின்னதுல இருந்துச்சு, இப்ப இல்ல, ஆனா யாவாரத்துல சொல்றதுதான். வேலைக்கு வணங்கமாட்டான். ஒரு எடத்துல நிலைக்கமாட்டான். மூணு பேப்பர் பாக்கி. அறிவு மட்டு. சொன்னது புரியாது, புரிஞ்சாலும் செய்யமாட்டான். இவனை வச்சுக்கிட்டு இருந்தா உங்களுக்குச் சோறுதான் தண்டம். நான் பெத்த கடனுக்குக் கூட்டிட்டுப் போறேன், மத்தபடி இவன் ஒரு காசுக்கு ஆகமாட்டான்.

சாமிக்கண்ணு பாதியில நிறுத்திட்டார். ஐயா, பெத்த பிள்ளையை இப்படிச் சொல்லணுமான்னார். நீங்க சொல்லுங்க, இது யாவாரம்னேன். சொல்லச் சொல்ல எனக்கு நல்லா வந்துருச்சு தம்பி. இருவது வருசமா வீட்டுல சொல்லிக்கிட்டு இருக்கறதுதானே, யோசிக்கவே வேண்டியதில்ல. அந்தம்மா வெரல் எறங்குது. ஏழு. ஆறு. நான் ரெண்டுலயே நிக்கிறேன். அஞ்சு. இருமல் வந்தா ராத்திரி பூரா இருமுவான், பக்கத்துல ஒருத்தன் தூங்க முடியாதுன்னு சேத்துச் சொன்னேன். கடைசியா மூணு வெரலைப் பிடிச்சு அழுத்திச்சு. நானும் அழுத்தினேன். முடிஞ்சுது.

எட்டுலேருந்து மூணு. நீங்க தொழில்ல இருந்தாத் தெரியும் அது என்னன்னு. அன்னைக்குச் சாயந்திரம் வீட்டுக்குப் போன் போட்டு, முடிஞ்சுது, நாளைக்குக் கையில வந்துருவான்னேன். அவ அழுதா. நான் அந்த ஊர்ல முதல் தடவையா வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் மத்தியானம் போய் நிக்கிறேன், சட்டையைக் கையில வச்சுக்கிட்டு. காசை அந்தம்மா வாங்கிக்கிச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கமிருந்து லாரி டியூப்புல ஒருத்தனை உக்கார வச்சு இழுத்துட்டு வர்றாங்க. ஒல்லியா இருக்கான். வெயில்ல கண்ணாடி மின்னுச்சு. மாறான்னு கத்தினேன். அவன் தலை நிமிரல. நாலு வேளை பட்டினி போட்டிருப்பானுங்க, அதான்னு நெனைச்சேன். திட்டுல ஏத்தி, கம்பிக்கு அடியில மண்ணைப் பறிச்சு வச்சிருக்காங்க, அது வழியாத் தள்ளினாங்க. நான் கையைப் பிடிச்சுத் தூக்கினேன். மூஞ்சியைப் பாத்தேன்.

இவன்.

இது எம் மகன் இல்லைங்கறேன். யாருக்குச் சொல்றேன், எந்தப் பாஷையில சொல்றேன்னே தெரியல. போட்டோவைக் காட்டுறேன். அந்தம்மா பொறுமையாப் பேசுச்சு, சாமிக்கண்ணு மண்ணைப் பாத்துக்கிட்டே சொன்னார். உள்ள கேட்டாங்களாம் ஐயா. கண்ணு தெரியாதவன், மூச்சு இழுக்கிறவன், இருமுறவன், வேலைக்கு ஆகாதவன்னு நீங்க சொன்ன அடையாளத்துக்கு அங்க இவன் ஒருத்தன்தானாம். வெலையும் அதுக்குத்தான் சரியா இருந்துச்சாம். போட்டோவுல இருக்கிற தம்பி அங்க முதல் தரமாம். அவரை மாதிரித் தட்டுறவங்க அந்தக் கட்டடத்துலயே இல்லையாம். அவர் வெலை வேறயாம், இப்போதைக்கு விக்கிற யோசனையும் இல்லையாம்.

முதல் தரம்னு சொல்லுச்சு தம்பி. எம் மகனை. ஊர்ல ஒருத்தன் சொன்னதில்ல அப்படி.

மாத்தி அவுத்துட்டாங்கன்னு கத்தினேன். எங்க சந்தையிலயும் நடக்கும். ஒரு மாட்டைக் காட்டி வெலை பேசி, பின்னாடி வேற மாட்டை அவுத்து விட்டுருவானுங்க. ஆனா நாங்க நாலு பேரைக் கூட்டி வச்சு நியாயம் கேப்போம். அங்க நான் யாரைக் கூப்பிடுறது? எந்த நாடுன்னே தெரியாத திட்டுல என்ன நியாயம்? வேண்டாம்னா திருப்பி விடலாம், காசு மட்டும் திரும்பாதுன்னுச்சு அந்தம்மா. இந்தப் பையனுக்கு எந்தப் பாஷையில புரிஞ்சுதோ, என் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டான். ரெண்டு கையாலயும்.

நான் யோசிச்சேன் தம்பி. பொய் சொல்லமாட்டேன். இவனைத் திருப்பித் தள்ளிட்டு அங்கயே உக்காந்துரலாமான்னு யோசிச்சேன். வித்த மாட்டோட கண்ணைப் பாக்கக்கூடாதுன்னு எங்க அப்பா சொல்லுவார், அது தொழில் பாடம். வாங்கின மாட்டைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லல. இவன் கண்ணைப் பாத்துட்டேன். உடம்பு அனலாக் கொதிக்குது, சட்டை நனைஞ்சு தொப்பலா இருக்கு. கையில காஞ்ச சட்டை இதான் இருந்துச்சு. போட்டு விட்டேன். பாருங்க, தோள் ரெண்டும் தொங்குது. மாறன் கொஞ்சம் ஆகிருதியான பையன்.

பாஸ்போர்ட்டை ஒரு பாலிதீன் கவர்ல போட்டுக் குடுத்தாங்க. அதை வச்சு, இப்படித் தப்பி வர்றவங்களைப் பாத்துக்கற உதவிச் சங்கத்துக்காரங்க ஆஸ்பத்திரி, போலீசு, பேப்பருன்னு எல்லாம் பாத்தாங்க. நல்ல மனுசங்க. அதுக்குள்ள தெனம் நான் அந்த வேலிகிட்டப் போவேன். சிகரெட்டு இருக்கு, பாம்பு பாட்டிலு இருக்கு. ஸ்டூல் மட்டும் காலியா இருக்கும். சாமிக்கண்ணுவும் அந்தப் பக்கம் வர்றதை நிறுத்திட்டார். ஒருநாள் ஆத்துல எறங்கிட்டேன். முழங்கால் தண்ணிதான். இந்தப் பக்கமிருந்து ஒரு போலீசுக்காரப் பையன் வந்து கையைப் பிடிச்சுக் கரையேத்திட்டுப் போனான். திட்டக்கூட இல்ல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வீட்டுல சொன்னேன். அவ சாப்டீங்களான்னா. அப்புறம், அந்தப் பையன் சாப்டானான்னா.

இவன் பேரு அப்பலராஜு. ஸ்ரீகாகுளம் பக்கம் எதோ கிராமம். எனக்கு ராசு. நாலு வார்த்தை தமிழ் பேசுவான், எல்லாம் மாறன் கத்துக் குடுத்தது. ரெண்டு பேரும் ஒரே கட்டிலாம், மேலயும் கீழயும். இவனுக்கு ஏற முடியலைன்னு மாறன் மேல போயிட்டானாம். காய்ச்சல்ல என்னென்னமோ உளர்றான் தம்பி. அன்னைக்கு உள்ள வந்து, கண்ணு தெரியாதவன், இருமுறவன் எவன்னு கேட்டாங்களாம். மாறன் அண்ணா இவனைக் கையைக் காட்டி, இவன்தான், எங்கப்பா கேக்குறது இவனைத்தான், நீ போடான்னு சொல்லிட்டாராம். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றான். அது எப்படித் தம்பி? வெளிய வர ஒரு வழி கெடைச்சா எவனாவது விடுவானா? எம் மகனுக்கு அந்தளவுக்கா அறிவு இல்ல? காய்ச்சல், அதான். டாக்டரும் சொன்னார், காய்ச்சல் தலைக்கேறினா அப்படித்தான் பேசுவாங்கன்னு.

என் பேரத்துல தப்பு இல்ல. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன், நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். பேரம்னா பேரந்தான். ஒருவேளை ரெண்டு குறை கம்மியாச் சொல்லியிருக்கலாம். இருமலை விட்டிருக்கலாம். நாலுக்கு முடிச்சிருந்தா மாத்தியிருக்கமாட்டாங்களோன்னு ஒரு எண்ணம் வருது. நாலு எங்கிட்ட இல்ல. அதுவும் இருக்கு.

இவங்க அப்பா அம்மா ஸ்டேஷனுக்கு வர்றாங்க. போன்ல அவங்க அப்பா பேசினார். ஒரு வார்த்தை புரியல, தேவுடு தேவுடுங்கறார். சாமின்னு அர்த்தமாம். எதோ ஒரு பெரிய மனுசன் தன் காசைப் போட்டு அவர் புள்ளையை மீட்டுக் கொண்டார்றான்னு நெனைச்சுக்கிட்டு இருக்கார். நான் சாமி இல்லய்யா, ஏமாந்த யாவாரின்னு தெலுங்குல எப்படிச் சொல்றது? உங்களுக்குத் தெலுங்கு தெரியுமா? தெரியாதா. சரி, தெரிஞ்சாலும் சொல்லவேணாம்.

வண்டி மெதுவாப் போகுது. இதுதானா? போர்டு தெரியுதா பாருங்க. ஸ்ரீகாகுளம் ரோடுதானே?

தம்பி, இன்னொரு ஒத்தாசை. நீங்க இவனை எறக்கி விட்டுருங்க. நான் அந்தப் பக்கக் கதவுகிட்ட நின்னுக்கறேன். ஒரு அப்பன் தன் புள்ளையைக் கட்டிப்பிடிச்சு அழுகறதை என்னால பாக்க முடியாது. நல்லவங்களாத்தான் இருப்பாங்க, எனக்கு அவங்க மேல ஒண்ணும் இல்ல. ஆனா எனக்கு ஆகாது, வயிறு எரிஞ்சுரும். எரிச்சலோட நின்னா அது அந்தப் புள்ளைக்கு ஆகாது.

குடுக்கறப்ப நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லுங்க. குடுக்கறவன் நிறையத்தான் சொல்லணும். தங்கமான பையன், சொன்ன சொல்லு கேப்பான், இருமல் நின்னுரும், வீட்டுச் சோறு ரெண்டு வேளை உள்ள போனா ஆளு தேறிருவான்னு சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க, தொனி புரியும். எனக்கு அந்த மாதிரிப் பேசிப் பழக்கமில்ல.

ராசு, எந்திரிடா. ஊர் வந்துருச்சு. மெதுவா.

அப்புறம் தம்பி, சட்டை. அது அவனோட போகக்கூடாது. அது எங்க வீட்டுக் கயிறு. சொன்னேன்ல, கயித்தோட குடுத்தா கொட்டாயி வெறிச்சோடிரும். அவன் மேலே ஒண்ணும் இல்லாம எறக்கவும் முடியாது, பெத்தவங்க எலும்பைப் பாத்தாப் பதறிருவாங்க. இந்தாங்க, இந்தத் துண்டைப் போத்தி விடுங்க. நல்லாச் சுத்திப் போத்துங்க, காத்து அடிக்குது. துண்டு அவனுக்கே இருக்கட்டும், திருப்பி வாங்க வேணாம். சட்டையை மட்டும் கழட்டிக் கொண்டாந்துருங்க. பட்டன் ஒண்ணும் போயிறாமப் பாத்துக் கழட்டுங்க, அவங்க அம்மா வாங்கினது.